பறவைநாகத்துக்கு மூணாவது ஓலை

காலைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கோங்கக்கா. தண்ணிதான், பயப்படாதீங்க. மீன் தண்ணி இல்ல, வாடை அடிக்காது. ஐஸு. தெர்மாகோல் பெட்டியில ஒரு மூலை உடைஞ்சிருக்கு, அதான் ஒழுகுது. கண்டக்டர் ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டாரு. இன்னொரு தடவை பாத்தா ஏதாவது சொல்லுவாரு. சொல்லட்டும். இந்தப் பெட்டிக்கும் சேத்து லக்கேஜ் டிக்கெட் வாங்கித்தான் ஏறியிருக்கேன்.

நீங்க எது வரைக்கும்? விருதுநகரா. நான் சாத்தூர்ல இறங்கிருவேன்.

சாத்தூர்ல ஐஸ் கிடைக்காதான்னு கேக்கீங்க. கிடைக்கும், ஜூஸ் கடை ஐஸ். அது அந்த ஆளுக்குச் சேராது. எங்க பிளாண்ட் ஐஸ்னா லேசா உப்புக் கரிக்கும். தின்னு பழகினவங்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆமா, தின்கிறதுக்குத்தான். ஒரு மனுசன் இம்புட்டு ஐஸையும் தின்பானான்னு கேக்கீங்களா? மனுசன்னு நான் சொல்லலையே.

என்ன, கையைப் பாக்கீங்க? இந்த உள்ளங்கைத் தழும்பையா? அது அடுப்புல பட்டது. பானை இறக்கும்போது பட்டுட்டு. அதை விடுங்க.

என் பேரு இஞ்ஞாசியம்மாள். இஞ்ஞாசின்னு கூப்பிடுவாவ. தூத்துக்குடிக்குத் தெக்க, கடற்கரையில எங்க ஊரு. இறால் கம்பெனியில வேலை. இறால் வரும், தலையைக் கிள்ளணும், தோட்டை உரிக்கணும், குடலை இழுக்கணும், ஐஸ் தண்ணியில போடணும். நாளைக்கு எட்டு மணி நேரம், பதினாறு வருசம். கையுறை இருக்கு, ஆனா அதைப் போட்டா குடல் பிடிபடாது, நாங்கதான் கழட்டிருவோம். அதுல விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. இப்ப இந்த விரல்ல நீங்க ஊசியை வச்சுக் குத்துனாலும் எனக்குத் தெரியாது. குத்திப் பாக்க வேண்டாம், சும்மா சொல்லுதேன்.

விரலு மட்டுந்தான்னு முதல்ல நினைச்சேன். பிறகு எங்க அம்மா செத்துப்போனா. எல்லாரும் விழுந்து அழுதாவ. நான் வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்தேன். எங்க மதினி ஊரெல்லாம் சொல்லிட்டா, இவளுக்கு நெஞ்சும் மரத்துப்போச்சுன்னு. இருக்கும். எனக்கு ஒண்ணும் தோணல. தோணுனா அழ மாட்டேனா.

ரெண்டு வருசத்துக்கு முன்னால பக்கத்து ஐஸ் பிளாண்ட்டுக்கு அந்த ஆளு வேலைக்கு வந்தாரு. ஐஸ் பாளத்தைத் தோள்ல வச்சு எங்க கம்பெனி வாசலுக்குக் கொண்டு வரணும், நூறு அடி தூரம். மத்தவங்க கொண்டு வந்தா முழுப் பாளமா வரும். இவரு கொண்டு வந்தா பாதிதான் வரும். மீதி அவரு முதுகு வழியா ஓடிச் சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கும். அந்தச் சட்டையிலயும் ஆவி பறக்கும். சூப்பர்வைசரு, 'வழியில தின்னுட்டு வாரியால?'ன்னு கேப்பாரு. பாதி உண்மைதான். அதைப் பிறகு சொல்லுதேன்.

ஒரு நாள் மழை பெஞ்சு கம்பெனி வாசல்ல முழங்கால் தண்ணி. பொம்பளைங்க நாங்க லோடு வண்டி மேல ஏறித்தான் அந்தப் பக்கம் போகணும். அந்த ஆளு வண்டி மேல நின்னு ஒவ்வொருத்தருக்கா கை குடுக்காரு. என் பக்கத்துல உக்காந்து உரிக்கிற செபஸ்தி முதல்ல கையைப் பிடிச்சா. பிடிச்ச வேகத்துல 'யாத்தே'ன்னு உதறிட்டுத் தண்ணியில குதிச்சுட்டா. அடுத்தவளும் அப்படியே. 'கையா கொள்ளிக்கட்டையா'ன்னு கேட்டாவ. அந்த ஆளு முகம் சுண்டிப்போச்சு. அடுத்து நான். கையைக் குடுத்தேன். தூக்கி விட்டாரு. விட்டுட்டு, கையை விடாம, 'சுடுதா?'ன்னு கேட்டாரு.

'சுடல'ன்னேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதுக்கு அந்த ஆளு சிரிச்ச சிரிப்பு இருக்கே. பிறகுதான் தெரிஞ்சுது, அன்னைக்கு வரைக்கும் அவருக்குப் பேரே கிடையாதாம். பிளாண்ட்ல 'ஏய் புதுசு'ன்னுதான் கூப்பிட்டிருக்காவ. நான் பேரு வச்சிட்டேன்னு நினைச்சுட்டாரு. மறுநாள்ல இருந்து யாரு கேட்டாலும், 'என் பேரு சுடலை'. எங்க பக்கம் தெருவுக்கு ஒரு சுடலை உண்டு, சுடலைமாடசாமி பேரு. அதனால ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. பிளாண்ட் ரிஜிஸ்டர்லயும் சுடலைன்னு ஏறிட்டு. நான் திருத்தல. என்னத்தைன்னு திருத்த?

அதுக்குப் பிறகு எப்ப கையைத் தொட நேர்ந்தாலும், 'சுடுதா?'ம்பாரு. நான் 'சுடல'ம்பேன். 'என்ன?'ம்பாரு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்னு. 'ஒண்ணுமில்ல'ம்பேன். இப்படியே போச்சு எங்க பேச்செல்லாம். வேற பெருசா ஒண்ணும் பேசிக்கிட்டது கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கிட்டு பிளாண்ட்டுக்குப் பின்னால போனேன். சும்மாத்தான் போனேன், அந்தப் பக்கம் காத்து நல்லா வரும். அங்க உப்பு அம்பாரம் குவிச்சிருக்கும். அதுக்குப் பின்னால விக்கல் சத்தம் கேக்குது. எட்டிப் பாக்கேன், பறவைநாகம்.

தெரியாதா உங்களுக்கு? எங்க ஊரு மிக்கேல் சம்மனசு கோயில்ல, அதான் வானதூதர் கோயில்ல, அவரு சுரூபத்துக்கு, சிலைக்குக் கீழ கிடக்கும். ரெக்கை வச்ச பாம்பு. சம்மனசு அது முதுகுல ஒரு காலை வச்சு, வாய்க்குள்ள ஈட்டியைச் சொருகிக்கிட்டு நிப்பாரு. பிள்ளைங்க டி.வி.ல பாத்துட்டு டிராகன்னு சொல்லும்லா, அது. மினிபஸ் நீளம் இருந்துச்சு, வாலைச் சேக்காம. கோயில்ல இருக்கிற மாதிரி பச்சை இல்ல, சிலேட்டு நிறம். கொம்புல லுங்கி மாட்டிக்கிட்டுத் தொங்குது. வெக்கப்பட்டு ரெக்கையால உடம்பை மூடிக்கிட்டு நிக்கி.

நான், 'லுங்கி உப்புல படுது, அரிக்கும்'னு சொன்னேன்.

'பயமா இல்லயா?'ன்னு கேட்டுச்சு. குரலு அந்த ஆளு குரலேதான்.

'ரெண்டு மணிக்குச் சங்கு ஊதிருவான். அதுக்குள்ள சாப்பிடணும்'னேன்.

அது மூக்கால ஒரு பக்கம் காட்டுச்சு. அங்க அரைப் பாளம் ஐஸ் கிடக்கு. எடுத்து அது வாயில போட்டேன். கடக்கு முடக்குன்னு மென்னு முழுங்குச்சு. விக்கல் நின்னுது. கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள அந்த ஆளு இடுப்புல உப்புச் சாக்கைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் திரும்பி நின்னு சோத்தைத் தின்னேன். பிறகு பாதியைக் குடுத்தேன். சூடு இல்லாத சோறுன்னா அவருக்கு உசுரு.

அன்னைக்குத்தான் சொன்னாரு. யாராவது நினைச்சா விக்கும்னு நாம சொல்லுவோம்லா, நமக்கு விக்குனா ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போயிருவோம். அவங்க சாதிக்கு விக்குனா உரு மாறிருமாம். ஐஸைத் தின்னாத்தான் திரும்புமாம். அதனால ஒருத்தருக்கும் தெரியாத ஊரா, ஒருத்தரும் நினைக்காத ஊராப் பாத்து, ஐஸ் பக்கத்துலயே இருக்கிற வேலையாப் பாத்து வந்தாராம். 'வந்து ரெண்டு மாசம் நிம்மதியா இருந்தேன். மழை பெஞ்ச அன்னையில இருந்து விக்குது. யாரு நினைக்கான்னு தெரியல'ன்னாரு.

'உங்க அம்மையா இருக்கும்'னேன்.

'அம்மை இல்ல.'

'அப்ப யாரோ'ன்னேன்.

இன்னை வரைக்கும் எனக்கு அது பிடிபடலக்கா. நேரம் வச்ச மாதிரி விக்கும். காலையில பதினொண்ணு, எங்களுக்கு டீ நேரம். மத்தியானம் ஒண்ணு. சாயங்காலம் நாங்க கம்பெனி விட்டு நடக்கிற நேரம். ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு, அன்னைக்கு மட்டும் நாள் முழுக்க விக்குமாம். கடலுக்குள்ள இறங்கித் தலையை மட்டும் வெளிய வச்சுக்கிட்டுக் கிடப்பாராம். வள்ளத்துல போறவங்க பெரிய ஆமைன்னு நினைச்சுட்டுப் போயிருக்காவ. இப்படி வேலைவெட்டி இல்லாம ஒரு ஆளை யாரு நினைச்சுக்கிட்டே கிடப்பான்னு எனக்குக் கோவமா வரும். நானா? என்னக்கா நீங்க. எனக்கு நினைக்க எங்க நேரம் இருக்கு.

கல்யாணப் பேச்சை அவருதான் எடுத்தாரு. 'ஒண்ணா இருந்துரலாமா?'ன்னு கேட்டாரு. 'அண்ணன்கிட்ட கேளுங்க'ன்னேன். எங்க அண்ணன் கஸ்பாரு வள்ளம் வச்சிருக்கான். முப்பத்தெட்டு வயசுத் தங்கச்சியை ஒருத்தன் கேட்டு வந்திருக்கான்னதும் அவனுக்குத் தலகால் புரியல. இருந்தாலும் முறைக்கு என்னைக் கூப்பிட்டு விசாரிச்சான்.

'குடிப்பானா?'

'ஐஸ் தின்பாரு.'

'ஐஸ்தான, தின்னுட்டுப் போறான். அடிப்பானா?'

'இல்ல.'

'பிறகு என்னதான் குறை?'

'விக்கல் வரும்.'

'விக்கலு ஒரு குறையா? தண்ணி குடிச்சாப் போச்சு'ன்னான். நான் மறைச்சேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கேன்.

கோயில்ல வச்சுக் கட்டணும்னா ஞானஸ்நானம் வாங்கணும். அதுக்கு ஆறு மாசம் உபதேசியார்கிட்ட ஜெபம் படிச்சாரு. ஒரு எழுத்து விடாம மனப்பாடம். உபதேசியாரு சொல்லுவாரு, முப்பது வருசத்துல இப்படி ஒரு மாணாக்கனை நான் பாத்ததில்லன்னு. எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்குவாரு. பொய் சொன்னா பாவம்னு சொல்லிக் குடுத்த அன்னைக்கு பிளாண்ட் சூப்பர்வைசர்கிட்டப் போய், இது வரைக்கும் இத்தனை பாளம் தின்னுருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு.

முதல் தடவை கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனப்ப சுரூபத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாரு. மனசுக்கு வருத்தமாயிருக்கும் போலன்னு நினைச்சேன். 'பல்லு கூடுதலா வச்சிருக்கான்'னாரு. பிறகு, 'பாவம், முதுகு வலிக்கும்'னாரு. அதுக்குப் பிறகு எல்லாரும் சம்மனசுக்கு மெழுகுதிரி வைப்பாவ, இவரு கீழ கிடக்கிறதுக்கு ஒண்ணு வச்சுட்டு வருவாரு.

ஞானஸ்நானத்தன்னைக்கு ததேயுஸ் சாமி, எங்க பங்குச் சாமியாரு, தலையில தண்ணி ஊத்துனாரு. தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி சுர்ருன்னுச்சு. ஆவி மேல போச்சு. சாமி கண்ணு கலங்கி, 'பரிசுத்த ஆவி'ன்னாரு. எங்க ஊரு காவல் சம்மனசு பேரையே வச்சாரு, மிக்கேல்னு. அந்த ஆளு என்னைத் திரும்பிப் பாத்தாரு. பேரு மாறினதுல அவருக்கு வருத்தம். 'சுடலையும் இருந்துட்டுப் போகட்டும்'னு காதுக்குள்ள சொன்னேன்.

உங்க பக்கம் எப்படியோ, எங்க ஊருல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பூசையில பொண்ணு மாப்பிள்ளை பேரை வாசிப்பாவ. ஓலை வாசிக்கதுன்னு சொல்லுவோம். இன்னாரு மகளுக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதுக்குத் தடை ஏதும் அறிஞ்சவங்க சொல்லக் கடமைப்பட்டிருக்காவ, அப்படின்னு உபதேசியாரு வாசிப்பாரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. கல்யாணச் சாப்பாடு என்னன்னு அப்பதான் குசுகுசுன்னு பேசுவாவ. அது ஒரு முறை, அவ்வளவுதான்.

அந்த ஆளுக்கு அது முறைன்னு தெரியல. முதல் ஓலை வாசிச்சதும் வேர்த்துப்போச்சு. 'தடை தெரிஞ்சும் சொல்லாம இருந்தா?'ன்னு உபதேசியார்கிட்டக் கேட்டிருக்காரு. 'சாவான பாவம்'னு அவரு பாட்டுக்குச் சொல்லிட்டாரு. ரெண்டாவது ஓலைக்கு, யாராவது எந்திரிச்சுச் சொல்லிருவாங்கன்னு சுத்திச் சுத்திப் பாத்தாரு. ஒருத்தரும் எந்திரிக்கல. அந்த வாரம் முழுக்க அவரு சோறு திங்கல. நான்தான், 'எல்லாம் சும்மா வாசிக்கதுதான், பேசாம இருங்க'ன்னேன்.

மூணாவது ஓலை. உபதேசியாரு வாசிச்சு முடிச்சு மடிக்கப் போறாரு. ஆம்பளைங்க பக்கம் நாலாவது பெஞ்சுல இந்த மனுசன் எந்திரிச்சு நிக்காரு.

'எனக்கு ஒரு தடை தெரியும் சாமி.'

சாமி கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, 'மாப்பிள்ளை நீதானப்பா?'ன்னாரு.

'ஆமா சாமி. மாப்பிள்ளை மனுசன் இல்ல.'

கோயிலே சிரிச்சுது. எங்க அண்ணன் மட்டும் சிரிக்கல. அந்த ஆளு சிரிப்பு அடங்குற வரைக்கும் காத்திருந்து, சுரூபத்துக்குக் கீழ கையைக் காட்டி, 'நான் அது'ன்னாரு. யாருக்கும் சிரிப்பு வரல பிறகு. பயித்தியமோன்னு பாக்காவ. சாமி என் பக்கம் திரும்பினாரு. 'இஞ்ஞாசி, இந்த ஆளு என்ன சொல்லுதாரு? உனக்கு இது தெரியுமா?'

ஐந்நூறு பேரு இருக்காவ அக்கா. அத்தனை கண்ணும் என் மேல. மதினி என் சேலையைப் பிடிச்சு இழுக்கா. நான் என்ன பண்ணுவேன்.

'எனக்குத் தெரியாது சாமி'ன்னேன்.

அந்த ஆளு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. கோவமா இல்ல. மழையில கையைப் பிடிச்சுட்டு உதறினாவளே, அன்னைக்குப் பாத்த மாதிரி. சத்தியமா சொல்லுதேன், அந்த நேரத்துல நான் எதையும் நினைக்கல. இந்த மனுசனைக் காட்டிக் குடுத்துட்டேனேன்னு மட்டுந்தான் நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல. அதுக்குள்ள அவருக்கு விக்குச்சு.

மூணு விக்கலு. நாலாவது பெஞ்சுல பறவைநாகம் நிக்கி.

கத்துனவங்க கத்துனாவ, விழுந்தவங்க விழுந்தாவ. அது பொறுமையா பெஞ்சை ஓரமா ஒதுக்கி வச்சுது. பொம்பளைங்க பக்கம் பாய் விரிச்சிருந்துச்சு, ஒரு பாயையும் மிதிக்கல. யாரு மேலயும் படாம வாலைச் சுருட்டிக் கையில எடுத்துக்கிட்டு முன்வாசலுக்கு நடந்துச்சு. வாசல்ல நின்னு திரும்பி, பீடத்தைப் பாத்து முழங்காலிட்டுக் கும்பிட்டுச்சு, உபதேசியாரு சொல்லிக் குடுத்தபடியே. பிறகு பறந்துட்டு.

லுங்கி மட்டும் பெஞ்சுக்குக் கீழ கிடந்துச்சு. நான்தான் எடுத்துட்டு வந்தேன்.

ஊர்ல யாரும் அதை அந்த ஆளுன்னு ஒத்துக்கல. சுரூபத்துல கிடந்த நாகம் உசுரு வந்து கிளம்புச்சு, சம்மனசு விரட்டிட்டாருன்னாவ. அந்த வாரம் சம்மனசுக்கு வைக்கன்னே வாங்கிக் கடையில மெழுகுதிரி தீந்துபோச்சு. எங்க அண்ணன் சூறைக்காத்துன்னான். மதினி, 'நல்ல வேளை, தாலி ஏறல'ன்னா. எனக்கு ஒண்ணும் தோணல. மறுநாள் வேலைக்குப் போனேன். இறால் உரிச்சேன்.

ஒரு வாரம் கழிச்சுச் சாமி கூப்பிட்டு விட்டாரு. மேசையில சட்டப் புஸ்தகத்தை விரிச்சு வச்சிருக்காரு. கல்யாணத்துக்கு எதெல்லாம் தடைன்னு அதுல இருக்காம். நெருங்கின சொந்தம் தடை. முன்னால ஒரு கல்யாணம் நடந்திருந்தா தடை. சாமியாருக்குப் படிச்சுப் பட்டம் வாங்கியிருந்தா தடை. 'பறவைநாகம்னு எங்கயும் போடல'ன்னாரு, ஏதோ புஸ்தகம் எழுதினவங்க மேல குத்தம் மாதிரி.

'அப்ப தடை இல்லயா சாமி?'

'ஒண்ணே ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளை யாருன்னு தெரியாம, ஏமாந்து நீ சம்மதிச்சிருந்தா அந்தச் சம்மதம் செல்லாது. தெரிஞ்சு சம்மதிச்சிருந்தா செல்லும். நீ அத்தனை பேரு முன்னால தெரியாதுன்னுட்ட.' கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. 'இப்பச் சொல்லு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?'

நான் மேசை விளிம்புல ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினேன்.

'யோசிச்சு வா. ஓலை ஆறு மாசத்துக்குச் செல்லும்'னாரு.

அந்த ஆறு மாசம் நாளையோட முடியுது. நாளைக்கு ஞாயிறு, பூசை ஏழு மணிக்கு. அதுக்காகப் போறேன்னு நினைச்சுராதீங்க. அந்த ஆளு எனக்குச் செஞ்ச காரியத்துக்கு நான் கூட்டிட்டு வருவேனா? ஊரு முன்னால என் மானத்தை வாங்கிட்டுப் பறந்து போனாருல்லா. நேருல நின்னு நாலு கேள்வி கேக்கணும். லுங்கியைக் குடுக்கணும். துவைச்சுத் தேச்சு வச்சிருக்கேன், இந்தப் பையில இருக்கு. கூட இருக்கிறது வெள்ளைச் சட்டை. புதுசுதான். தள்ளுபடியில கிடந்துச்சு, எடுத்தேன்.

சாத்தூர்ல இருக்காருன்னு மூணு நாளைக்கு முன்னாலதான் தெரியும். செபஸ்தி மகளை அங்க கட்டிக் குடுத்திருக்கா. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் காராச்சேவு கடையில புது மாஸ்டராம். கொதிக்கிற எண்ணெயில வெறுங்கையை விட்டுச் சேவை அள்ளுதாராம், சனம் கூடி நின்னு வேடிக்கை பாக்குதாம். ஆனா நாள் தவறாம விக்குதாம். விக்கல் வந்தா அடுத்த கடையில ஐஸை வாங்கிக்கிட்டு மாடிக்கு ஓடிருவாராம். அரை மணி நேரம் ஆளைப் பாக்க முடியாதாம். 'வீட்டுல நினைக்காங்க மாஸ்டர்'னு முதலாளி கேலி பண்ணுவாராம். 'எனக்கு வீடு கிடையாதே'ம்பாராம்.

செபஸ்தி இதைச் சொல்லும்போது நான் உரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பாத்தா, கையில குடல் பாதியில அறுந்து நிக்கி. பதினாறு வருசத்துல எனக்குக் குடல் அறுந்தது கிடையாது. அடுத்த இறாலை எடுத்தேன், அதுவும் அறுந்துச்சு. செபஸ்தி ஒரு ஓரமாப் போய் என் பங்கையும் சேத்து உரிச்சா.

சாத்தூர் வந்துட்டா? கோவில்பட்டி தாண்டினதே தெரியல. பேச்சு வளந்துட்டு. இருங்க, பெட்டியைத் திறந்து பாக்கேன். அரைப் பாளம் வச்சேன், ஒரு கைப்பிடிதான் மிஞ்சியிருக்கு. பரவால்ல, ஒரு வாய்க்கு ஆகும்.

அங்க என்னக்கா கூட்டம்? காராச்சேவுன்னு போர்டு போட்டிருக்கு. எல்லாரும் மேல பாக்காவ. மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால என்னமோ தெரியுது, சிலேட்டு நிறத்துல. ஐயோ, தூத்துக்குடியில இருந்து ரெண்டு மணி நேரமா அந்த ஆளைப் பத்தியே பேசிட்டு வந்திருக்கோம். நான் நினைக்கல. நீங்க நினைச்சிருப்பீங்க. கதை கேட்டா நினைக்காம இருக்க முடியுமா.

சரி. நானுந்தான். நானும் நினைச்சேன். பதினொண்ணுக்கும் நினைச்சேன், ஒண்ணுக்கும் நினைச்சேன்.

கையைப் பாத்தீங்கல்லா. அது அடுப்புல பட்டது இல்லக்கா. விரல் மரத்தது உண்மை. உள்ளங்கை மரக்கல. அன்னைக்கு வண்டி மேல கையைப் பிடிச்சாருல்லா, சுட்டுச்சு. நல்லாவே சுட்டுச்சு. பதினாலு வருசமா ஐஸுக்குள்ள கிடந்த கைக்கு அன்னைக்குத்தான் ஒண்ணு தெரிஞ்சுது. சுடுதுன்னு சொன்னா கையை விட்டுருவாரேன்னு இருந்துச்சு. அதான் சுடலன்னேன். அவரு அதைப் போய்ப் பேரா வச்சுக்கிட்டாரு.

ரெண்டு பொய் சொல்லியிருக்கேன் அவரு விசயத்துல. ஒண்ணை நாளைக்குக் காலையில கோயில்ல, அந்த ஐந்நூறு பேரு முன்னால திருத்திருவேன். தெரியும் சாமின்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். இன்னொண்ணை இப்பவே திருத்தணும்.

கண்டக்டர் சார், விசில் அடிச்சுராதீங்க, இறங்கிக்கிடுதேன். யாருக்கு ஐஸுன்னு ஏறும்போது கேட்டீங்கல்லா. எங்க வீட்டுக்காரருக்கு.

பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கக்கா. ஐஸை நான் கையிலயே வச்சுக்கிடுதேன். அதை வாயில போட்டதும் மனுசனாகி என் கையைத்தான் பிடிப்பாரு. பிடிச்சுட்டு, சுடுதான்னு கேப்பாரு. கேக்கட்டும். சுடுதுன்னு சொல்லுவேன். சொல்லிட்டுக் கையை எடுக்க மாட்டேன்.